காலத்துக்குரிய டயர்

பழையனவற்றைப் பேணுவது குறித்துப் பேசும்போதெல்லாம் நாம் கல்லையும் மரத்தையும் செம்பையும் பற்றியே பேசுகிறோம். அவை நின்று நிலைப்பவை. முறையாகப் பராமரித்தால் நூறாண்டு கழித்தும் அதே பொருளாக நம் முன் இருப்பவை. ரப்பருக்கு அந்தப் பேறு இல்லை. வார்ப்பிலிருந்து வெளிவந்த நாள்முதலே அது காற்றோடும் ஒளியோடும் வெப்பத்தோடும் போராடித் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் அசலாக இருக்கலாம், உடற்கூடு அசலாக இருக்கலாம், இருக்கையின் தோல்கூட அசலாக இருக்கலாம். சாலையில் ஓடும் காரில் டயர் மட்டும் அசலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் சாலையைத் தொடும் ஒரே உறுப்பு அதுதான்.

இலக்கியம் பேசும் பக்கத்தில் டயருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் செய்யலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எனினும் இதன் அடியில் உள்ள கேள்வி நமக்குப் பழக்கமானதே. மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன? பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் பழைய நாடகத்தை மேடையேற்றுபவரும் ஓயாமல் எதிர்கொள்ளும் இந்தக் கேள்வியை, பழைய கார் வைத்திருப்பவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டயர் வாங்கும்போது எதிர்கொள்கிறார். நாம் தவறாக விடை சொன்னால் ஒரு மதிப்புரையில் கண்டனம் வரும். அவர் தவறாக விடை சொன்னால் வேறு விளைவுகள் உண்டு.

*

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு காரை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. ஜாகுவார் நிறுவனத்தின் இ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் உலகுக்குக் காட்டப்பட்டது. மால்கம் சேயர் வரைந்த நீண்ட மூக்கு, 3.8 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன், கம்பி ஸ்போக்குகள் கொண்ட 15 அங்குலச் சக்கரம். 1974 வரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அழகிய கார்களின் பட்டியல் எதுவாயினும் அதில் இதற்கு இடம் உண்டு.

இந்தக் காருக்கு 'அசல்' டயர் எது? தொடக்கத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார்கள் 6.40-15 அளவுள்ள டன்லப் ஆர்எஸ்5 டயர்களை அணிந்திருந்தன. அவை கிராஸ்பிளை வகையைச் சேர்ந்தவை. அதே 1961இல் 'ஆட்டோகார்' இதழ் சோதித்தபோது மணிக்கு 150.4 மைல் என்ற புகழ்பெற்ற வேகத்தை எட்டிய கார், டன்லப் ஆர்5 என்னும் பந்தய டயர்களை அணிந்திருந்தது. 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு 185 மில்லிமீட்டர் அகலமுள்ள ரேடியல் டயர்கள் வந்தன. 1971இல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த மூன்றாம் வரிசைக் கார்கள் அவற்றினும் அகலமான ரேடியல்களில் ஓடின. ஆக, அசல் என்று ஒன்று இல்லை, பாடபேதங்களே இருக்கின்றன. இ-டைப்பின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற அந்த 150 மைல் என்ற எண்ணே, வாங்கியவர்களுக்கு வழக்கமாகக் கிடைத்த டயரில் எட்டப்பட்டதல்ல என்பது ஒரு சிறிய நகைமுரண்.

ஆகவே 'காலத்துக்குரிய டயர்' என்று சொல்லும்போது நாம் ஒரு முத்திரையையோ, ஒரு நிறுவனத்தின் பெயரையோ சொல்லவில்லை. அந்தக் காருக்கு உரிய காலத்தில், அதன் பொறியாளர்கள் மனத்தில் இருந்த டயரின் இயல்பைச் சொல்கிறோம். அந்த இயல்பு என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும்.

*

கிராஸ்பிளை டயரின் உள்ளே நூலடுக்குகள் சாய்வாக ஓடி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. நம்மூர் லாரிப் பட்டறைகளில் 'நைலான் டயர்' என்று வழங்கும் இனம் இதுவே. இதில் பக்கச்சுவரும் சாலையில் படும் முகமும் ஒரே கூடு. ஒன்று வளைந்தால் மற்றதும் அதனோடு சேர்ந்து நெளியும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காகச் செல்கின்றன. அவற்றுக்கு மேல், சாலையில் படும் பகுதியைச் சுற்றி ஒரு கெட்டியான பட்டை கட்டப்படுகிறது. பக்கச்சுவர் தாராளமாக வளையும். தரையில் படும் முகமோ தட்டையாக, உறுதியாக நிற்கும். மிஷலின் நிறுவனம் இதற்கு 1946இல் காப்புரிமை கோரி, 1949இல் 'எக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950களில் இத்தாலியின் பிரெல்லி தன் 'சின்துராட்டோ'வோடு வந்தது. அந்தப் பெயருக்கே இடைக்கச்சை கட்டியது என்றுதான் பொருள்.

வேறுபாடு உள்ளே இருந்தாலும் அதை உணர்வது ஓட்டுபவரின் கை. வளைவில் திரும்பும்போது எந்த டயரும் தான் நோக்கும் திசையில் அப்படியே செல்வதில்லை; சற்று விலகியே செல்கிறது. அந்த விலகல் கோணத்திலிருந்துதான் காரைத் திருப்பும் விசை பிறக்கிறது. கிராஸ்பிளை டயருக்கு அந்தக் கோணம் பெரிது. பிடி மெல்ல மெல்ல வளர்ந்து, மெல்ல மெல்லவே நழுவும். ரேடியலுக்குக் கோணம் சிறிது, பிடி அதிகம். ஆனால் விடும்போது சட்டென்று விடும். 1957இல் ரூவான் பந்தயத்தில் ஃபாஞ்சியோ தன் மசெராட்டியின் நான்கு சக்கரங்களையும் வழுக்கவிட்டபடி வளைவைக் கடக்கும் புகைப்படங்களை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அது அந்த மனிதரின் கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கலைக்கு இடம் கொடுத்தவை அன்றைய டயர்கள். இன்றைய டயரில் அந்த ஓட்டம் இல்லை. ஒரு இசைக்கருவியை மாற்றினால் அதற்கென்றே உருவான வாசிப்புமுறை மறைந்துபோவதைப் போல.

டயரின் உயரமும் இதே அளவுக்கு முக்கியம். அன்றைய 185-15 ரேடியலில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு. முழு விட்டம் 677 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். இன்று எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் 185/65 ஆர்15 டயரும் அதே ரிம்மில் ஏறிவிடும். ஆனால் அதன் விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர்தான். எட்டு விழுக்காடு குறைவு. ஒரு சுற்றில் கார் கடக்கும் தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது. வேகமானி 100 காட்டும்போது கார் உண்மையில் 92இல்தான் ஓடும். எஞ்சின் தேவையில்லாமல் அதிகம் சுழலும். சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்து, தரையோடு பொருந்தி நிற்கவேண்டிய கார் அளவு சிறுத்த செருப்பணிந்தவரைப் போல நிற்கும். எழுத்து ஒன்றுதான்; ஆனால் யாப்பு குலைந்துவிட்டது.

*

பழைய காருக்கு டயர் தேர்ந்தெடுப்பவர்கள் வழுக்கும் பாதைகள் இரண்டு. எதிரெதிர்த் திசையில் செல்பவை, ஆனால் ஒரே இடத்தில் கொண்டுபோய்விடுபவை.

முதலாவது, நவீனத்தின் பாதை. பாதுகாப்பு என்ற பெயரில் இன்றைய அகலமான, தாழ்ந்த டயர்களை மாட்டிவிடுவது. இந்த வாதம் எளிதில் மறுக்கக்கூடியதல்ல. ஈரச்சாலையில் இன்றைய டயர் முன்னதாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் கார் என்பது டயர் மட்டுமல்ல. சக்கரத்தின் ஸ்போக்குகள், அச்சின் பேரிங்குகள், ஸ்டியரிங் இணைப்புகள், தொங்கமைப்பின் ஒவ்வொரு மூட்டும் ஒரு குறிப்பிட்ட அளவு பிடியைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. பிடி கூடும்போது அந்த விசை முழுவதும் அவற்றின்மேல்தான் விழுகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் அகல டயரை நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கவேண்டியதில்லை.

கம்பிச் சக்கரத்துக்கு இன்னொரு சிக்கல். ஸ்போக் துளைகள் வழியே காற்று கசியும் என்பதால் டியூப் தேவை. டியூப் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட பல இன்றைய டயர்களின் உட்புறம் வரிகளும் முகடுகளுமாக இருக்கும். அவை டியூபை உரசி உரசித் தேய்த்துவிடும். பாதுகாப்புக்காக வாங்கியது பஞ்சரில் முடியும். இரண்டு வகைகளைக் கலப்பது அதனினும் மோசம். முன்னே ரேடியலும் பின்னே கிராஸ்பிளையும் மாட்டினால் பின்பகுதி முதலில் பிடிவிட்டுச் சுழன்றுவிடும். பிரிட்டனில் அது சட்டப்படியே குற்றம்.

இரண்டாவது, பக்தியின் பாதை. எனக்கு இதுதான் அதிக அச்சம் தருகிறது. கார் வெளிவந்தபோது இருந்த அதே டயர், அதே எழுத்துகள், அதே வார்ப்புக்கோடுகள். முப்பது நாற்பது ஆண்டுகளாக எங்கோ ஒரு கிடங்கில் உறங்கிய டயரைத் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டு அதை அசல் என்று கொண்டாடுவது. காட்சிக்கூடத்தில் நிற்கும் கார் என்றால் எனக்கு மறுப்பில்லை. அங்கே டயர் ஒரு ஆவணம். ஆனால் அதே டயரோடு சாலைக்கு வரும்போது ஆவணம் ஆயுதமாகிவிடுகிறது.

பழைய டயரை எது கொல்கிறது என்பதை அறிந்தால் இந்த மயக்கம் தெளியும். ஆக்சிஜன் ரப்பரை உள்ளிருந்து இறுக்குகிறது. ஓசோன் வெளியிலிருந்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. அதைத் தடுப்பதற்கென்று ரப்பரில் மெழுகு போன்ற பொருட்களைச் சேர்க்கிறார்கள். டயர் ஓடி நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காப்பளிக்கின்றன. ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தக் காப்பும் குறைவு. பழைய காரோ ஆண்டில் சில நூறு மைல்தான் ஓடும். பட்டன் தேயவே தேயாது. பார்ப்பவருக்குப் புத்தம்புதிதாகத் தோன்றும். கூடு உள்ளே இற்றுப்போயிருக்கும். மற்றக் கார்களில் தேய்மானம்தான் டயரின் சாவை அறிவிக்கும் மணி. இங்கே அந்த மணி அடிப்பதே இல்லை.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், இசைவிழா ஒன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்து சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட மூவர் உயிரிழந்தார்கள். வெடித்த முன்சக்கர டயரின் வயது பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேல். பட்டன் சட்டம் கேட்கும் அளவுக்கு இருந்தது. அதனால் அது எந்தச் சோதனையிலும் தோற்கவில்லை. இறந்தவர்களில் ஒருவரின் தாய் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரியில், பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர்களை லாரிகள், பேருந்துகளின் முன்னச்சில் பயன்படுத்துவது பிரிட்டனில் தடைசெய்யப்பட்டது.

அந்தத் தடை தனியார் கார்களைக் கட்டுப்படுத்துவதில்லை. மேலும் 2018 மேயிலிருந்து, நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு அங்கே ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. அதாவது 1961ஆம் ஆண்டு இ-டைப்பின் டயரை ஆண்டுதோறும் பார்த்தாகவேண்டிய அதிகாரி என்று எவரும் இல்லை. பொறுப்பு முழுவதும் உரிமையாளரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. சாலை அவருடையது மட்டுமல்ல. எதிரே சைக்கிளில் வரும் சிறுவனுக்குக் காலப்பொருத்தத்தைப் பற்றிய அக்கறை இருக்கவேண்டியதில்லை.

*

அப்படியானால் என்ன செய்வது? கட்டமைப்பும் அளவும் உயரமும் பழையதாக இருக்கட்டும். ரப்பர் புதியதாக இருக்கட்டும் என்பதே என் தரப்பு. இது சமரசம் போலத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. இ-டைப்பை முதலில் வாங்கியவருக்கு 1961இல் கிடைத்தது அறுபது ஆண்டுப் பழைய டயர் அல்ல, புதிய டயர். எனவே கெட்டித்துப்போன பழைய டயர்தான் மூலத்திலிருந்து மிகவும் விலகியது. அதன் மேலுள்ள எழுத்துகள் அசல், அது செய்யும் வேலை போலி.

நம் மரபு இதை எப்போதோ அறிந்திருந்தது. பனையோலை நம் தட்பவெப்பத்தில் நெடுங்காலம் நிற்பதில்லை. ஏடு இற்றுப்போவதற்குள் படியெடுத்தாகவேண்டும். படியெடுப்பவர் ஓலையை மாற்றினார், பாடலை மாற்றவில்லை. மாற்றியபோது அதைப் பிழை என்றே சொன்னோம். படியெடுத்தபின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதில் இழப்பு ஏதுமில்லை. படியெடுக்காமலேயே விட்டதுதான் இழப்பு. டயர் என்பது ஓலை. அது தரும் ஓட்டம்தான் பாடல்.

நல்லவேளையாக, இப்படிப் படியெடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சாட்டனூகாவில் 1958இல் தொடங்கப்பட்ட கோக்கர் டயர், பழைய வார்ப்புகளையும் பழைய பெயர்களின் உரிமங்களையும் தேடிச் சேர்த்து அவற்றில் புது ரப்பரை வார்த்தது. பிரெல்லி தன் சின்துராட்டோவை இ-டைப் போன்ற கார்களுக்குரிய 185 அளவில், அன்றைய பட்டன் வடிவத்தோடு மீண்டும் செய்தது. மிஷலின் தன் எக்ஸ்டபிள்யுஎக்ஸ் போன்ற பழைய வகைகளைக் கைவிடவில்லை. நெதர்லாந்தின் விரெடெஸ்டைன், பழைய தோற்றமும் புதிய ரப்பரும் கொண்ட 'ஸ்பிரிண்ட் கிளாசிக்'கைக் கொண்டுவந்தது. கேரளத்தில் வேர்கொண்ட அப்போலோ டயர்ஸ் 2009இல் வாங்கிய நிறுவனம் அதுதான்.

இவை பெரிய வணிகங்கள் அல்ல. இவற்றின் அளவுகள் வேறெந்தப் புதிய காருக்கும் பொருந்தாதவை, வாங்குபவர்கள் சிலர், விலை அதிகம். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தப் பொருளாதாரத்தை விளக்கவேண்டியதில்லை. ஐந்நூறு பேர் சந்தா கட்டினால் இதழ் வரும், கட்டாவிட்டால் நின்றுவிடும். உரிமையாளர்கள் எல்லோரும் அருகிலுள்ள கடையில் கிடைப்பதை மாட்டிக்கொண்டால் வார்ப்புகள் துருப்பிடிக்கும். பிறகு ஒருவர் விரும்பினாலும் இ-டைப் எப்படி ஓடியது என்பதை அறிய வழியிருக்காது. படங்கள் இருக்கும், எண்கள் இருக்கும், கார்கூட இருக்கும். ஓட்டம் இருக்காது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. ரப்பர் புதியது என்றால் பிடியும் புதியதுதானே, பிறகு என்ன காலப்பொருத்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய கலவை ஈரத்தில் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. 1961இன் வழுக்கலை அது அப்படியே தராது. ஆனால் நூலடுக்கும் பக்கச்சுவர் உயரமும் மாறாதவரை, கார் வளைவில் சாயும் விதமும், ஸ்டியரிங்கில் சாலை பேசும் குரலும், பிடி நழுவுமுன் வரும் எச்சரிக்கையும் பெருமளவு நிலைத்திருக்கும். இழந்தது வழுக்கல் மட்டும். உச்சரிப்பு சற்று மாறியும் பொருள் மாறாத ஒரு சொல்லைப் போல. எதிரே வருபவரின் உயிரை எண்ணினால், இந்த மாற்றத்தை நான் தயக்கமின்றி ஏற்பேன்.

கிராஸ்பிளையா ரேடியலா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. 1961ஆம் ஆண்டுக் கார் எப்படி நடந்துகொண்டது என்று அறிய விரும்புபவர், சாலையின் தடங்களில் டயர் தானாக இழுத்துக்கொண்டு அலைவதைப் பொறுத்துக்கொள்ள இசைந்தால், கிராஸ்பிளையைத் தேர்ந்தெடுக்கட்டும். ஊர்விட்டு ஊர் செல்பவர், அதே பத்தாண்டிலேயே அந்தக் காருக்கு வந்துசேர்ந்த உயரமான 185 ரேடியலைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டும் காலத்துக்குரியவையே. நான்கு சக்கரங்களிலும் ஒரே வகை இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு எதுவாயினும், பக்கச்சுவரில் நிறுவனத்தின் பெயரை வாசிப்பதற்கு முன் வேறொன்றை வாசிக்கவேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்படுகிறது. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முந்தியது. அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை, கழற்றிவிடலாம். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டுவது, பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்தாண்டில் மாற்றிவிடுவது என்பது பல டயர் நிறுவனங்கள் சொல்லும் பொதுவிதி. ஒரு காரின் கடந்தகாலத்தைப் போற்ற விரும்புபவர் முதலில் படிக்கவேண்டிய வரி அந்த நான்கு இலக்கம்தான்.